பணயமும் பரிசும்

1900ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள். நியூயார்க் நகரை ஒட்டிய வார்ட்ஸ் தீவிலுள்ள மனநோய் மருத்துவமனையில் அறுபத்துநான்கு வயது முதியவர் ஒருவர் உயிர் நீத்தார். குடும்பத்திற்கென அவர் விட்டுச்சென்ற செல்வம் ஏதுமில்லை. உடலும் உள்ளமும் ஒருங்கே நலிந்து மறைந்த அவர் பெயர் வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ். சதுரங்க வரலாற்றில் முறையான முதல் உலகச் சாம்பியன் என்று உலகம் ஏற்றுக்கொண்ட மனிதர் அவர்.

1886இல் அந்தப் பட்டத்தை அவர் வென்றபோது, ஆட்டத்தின் மீது வைக்கப்பட்ட தொகை ஒரு தரப்புக்கு 2000 டாலர். 2024இல் சிங்கப்பூரில் அதே பட்டத்திற்காக நடந்த போட்டியின் பரிசுத் தொகை 25 இலட்சம் டாலர். இவ்விரு தொகைகளுக்கும் இடையே கிடப்பது ஒரு நூற்றாண்டின் பணவீக்கம் மட்டுமன்று. அறிவால் உழைப்பவனுக்கு ஊதியம் உண்டா? உண்டெனில் அதைத் தருபவர் யார்? தருகிறவர் எதை எதிர்பார்த்துத் தருகிறார்? இக்கேள்விகளுக்கு மனிதர்கள் தேடிய விடைகளின் வரலாறே சதுரங்கப் பரிசுப் பணத்தின் வரலாறு.

அரசரின் கொடை

பழங்காலத்தில் சதுரங்க வல்லுநர் அரசரின் நிழலில் வாழ்ந்தார். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர், சாஃப்ரா ஊரைச் சேர்ந்த ரூய் லோபஸ் என்னும் கத்தோலிக்கக் குருவானவர். 1561இல் அவர் சதுரங்கத்தைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். ஆட்டத்தின் ஒரு தொடக்க முறை இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1575இல் மாட்ரிட் நகரில், இரண்டாம் பிலிப் மன்னரின் அவையில், இத்தாலியரான லியோனார்டோ அவரை வென்றார். வென்றவர் தமக்கெனப் பொன்னை மட்டும் கேளாமல், தம் ஊராகிய கூத்ரோ மக்களுக்கு வரி விலக்கும் கேட்டுப் பெற்றார் என்று மரபுவழிச் செய்தி ஒன்று கூறுகிறது. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஊரார் பெருமிதம் என்று பிரித்தறிதல் கடினம். ஆனால் அக்காலத்தின் மனப்போக்கை அது நன்கு காட்டுகிறது. பரிசு என்பது அரசரின் மனமுவந்த கொடை. அதைக் கணக்கிட்டுக் கேட்கும் உரிமை ஆட்டக்காரனுக்கு இல்லை.

நண்பர்கள் கட்டிய பணயம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்டம் அரண்மனையை விட்டுக் காப்பிக் கடைகளுக்கும் மன்றங்களுக்கும் வந்தது. கொடையின் இடத்தைப் பணயம் பிடித்தது. பணயம் என்றதும் பாரதக் கதையின் சூதாட்டம் நம் நினைவுக்கு வரலாம். ஆனால் இங்கே பணயம் வைத்தவர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரர்கள் அல்லர். இரு தரப்பு ஆதரவாளர்களும் சம அளவில் பணம் திரட்டி ஒரு பொது மனிதரிடம் ஒப்படைப்பார்கள். வென்ற தரப்பு இரண்டையும் எடுத்துக்கொள்ளும். ஆதரவாளர் தம் பங்கைப் பிரித்துக்கொண்டது போக எஞ்சியதே ஆட்டக்காரருக்கு.

1843இல் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற ரெஜான்ஸ் காப்பிக் கடையில் இங்கிலாந்தின் ஹோவர்ட் ஸ்டாண்டனும் பிரான்சின் சேன்ட் அமானும் மோதியபோது பணயம் தரப்புக்கு 100 பவுண்டு. ஸ்டாண்டன் 11 ஆட்டங்களில் வென்று, 6இல் தோற்று, 4இல் சமநிலை கண்டார்.

இந்தப் பணய உலகத்திற்குள் 1858இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து இருபத்தோரு வயது இளைஞர் பால் மார்ஃபி வந்து சேர்ந்தார். செல்வக் குடும்பத்தில் பிறந்து சட்டம் பயின்றவர். சதுரங்கத்தால் பிழைப்பவர் என்று தம்மை யாரும் சொல்வதை அவர் விரும்பவில்லை. இலண்டனில் ஹங்கேரி நாட்டு அகதியான லோவென்தாலை 100 பவுண்டு பணயத்தில் வென்றார். வென்ற கையோடு, புதிய இல்லத்திற்குக் குடிபுகுந்திருந்த லோவென்தாலுக்கு 120 பவுண்டு மதிப்புள்ள வீட்டுச் சாமான்களை அன்பளிப்பாக வழங்கினார். பெற்றதை விடக் கொடுத்தது மிகுதி!

மார்ஃபியின் பெருந்தன்மை போற்றத்தக்கதே. எனினும் அதில் ஓர் உண்மை மறைந்துகிடக்கிறது. பணத்தை வேண்டாமென்று சொல்வதற்கும் பணம் வேண்டும். தந்தையின் சொத்து இல்லாத லோவென்தால் அவ்வாறு கொடுத்திருக்க இயலுமா? தொழிலாக ஆடுவது இழுக்கு என்னும் எண்ணம், செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் அணிகலன். ஏழை வல்லுநருக்கோ அது பசி.

ஸ்டைனிட்ஸ் அத்தகைய ஏழை. பிராகா நகரின் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, ஆட்டத்தையும் பத்திரிகை எழுத்தையும் நம்பி வாழ்ந்தவர். 1886இல் அவரும் ஜோஹன்னஸ் ஜூகெர்டோர்ட்டும் நியூயார்க், செயின்ட் லூயிஸ், நியூ ஆர்லியன்ஸ் என மூன்று நகரங்களில் மோதினர். முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கை ஜூகெர்டோர்ட் வென்றார். பிறகு ஸ்டைனிட்ஸ் மீண்டெழுந்து, 10 வெற்றி, 5 தோல்வி, 5 சமநிலை என்னும் கணக்கில் பட்டத்தைக் கைப்பற்றினார். தோற்றவரின் உடல்நலம் அதன்பின் தேறவேயில்லை; 1888இல் நாற்பத்தைந்து வயதில் இலண்டனில் அவர் காலமானார். வென்றவரின் முடிவையோ தொடக்கத்திலேயே கண்டோம்.

லாஸ்கரின் அச்சம்

1894இல் ஸ்டைனிட்ஸைத் தோற்கடித்துப் பட்டம் வென்றவர், ஜெர்மானியரான இருபத்தைந்து வயது எமானுவேல் லாஸ்கர். தரப்புக்கு 5000 டாலர் என்று பேசத் தொடங்கிய பணயம், பணம் திரளாமையால் 3000 ஆகி, இறுதியில் 2000 டாலரில் வந்து நின்றது. தாம் வென்ற மனிதர் வறுமையில் வாடி இறந்ததை லாஸ்கர் கண்டார். அந்த முடிவு தமக்கு வரலாகாது என்று உறுதி பூண்டார். ஆடுவதற்கு உயர்ந்த ஊதியம் கேட்டார். ஆட்டக்காரர் ஆடிய ஆட்டத்தின் மீது அவருக்கே உரிமை வேண்டும் என்றும் வாதிட்டார். பேராசைக்காரர் என்று பலர் தூற்றினர். உழைப்பவர் கூலிக்கு உரியவர் என்னும் போதனையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, லாஸ்கரின் வாதத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

ஆனால் நியாயமான அச்சமும் பிறருக்குத் தடைச்சுவராக மாறக்கூடும். யாரோடு, எப்போது, எத்தொகைக்கு ஆடுவது என்று சாம்பியனே முடிவு செய்த காலம் அது. 1910இல் வியன்னாவின் கார்ல் ஷ்லெக்டருடன் நடந்த போட்டி, போதிய பணம் திரளாமையால் பத்தே ஆட்டங்களில் முடிந்தது. 5–5 என்று சமநிலையாகி, பட்டம் லாஸ்கரிடமே தங்கியது. மென்மையான இயல்புடைய ஷ்லெக்டர், முதல் உலகப்போர் முடிந்த 1918இன் டிசம்பரில், போர்க்காலப் பட்டினியால் நலிந்த உடலுடன் புதாபெஸ்ட் நகரில் மறைந்தார்.

1921இல் கியூபாவின் ஹவானா நகரில் நடந்த போட்டி ஒரு திருப்புமுனை. ஜெர்மன் போர்க்கடன் பத்திரங்களில் இட்ட சேமிப்பை இழந்திருந்த லாஸ்கர், ஹவானா அன்பர்கள் திரட்டிய 20,000 டாலரில் 11,000 டாலர் தமக்கு உறுதி என்ற நிலையிலேயே ஆட இசைந்தார். கியூபாவின் மைந்தரான ஹோசே ராவுல் காபாபிளாங்கா ஓர் ஆட்டத்திலும் தோற்காமல், 4 வெற்றிகளோடும் 10 சமநிலைகளோடும் பட்டம் வென்றார். வென்றவருக்குக் கிடைத்ததை விடத் தோற்றவருக்குக் கிடைத்தது மிகுதி.

வறுமைக்கு அஞ்சிய லாஸ்கரை வறுமை விடவில்லை. 1933இல் நாஜி ஆட்சி அவருடைய உடைமைகளைப் பறித்தது. ஓய்வு பெற்றிருந்த அவர் பிழைப்புக்காக மீண்டும் பலகைமுன் அமர்ந்தார். 1935இல் மாஸ்கோ போட்டியில், அறுபத்தாறு வயதில், மூன்றாம் இடம் பெற்று உலகை வியக்க வைத்தார்.

பத்தாயிரம் டாலர் மதில்

சாம்பியனின் தன்விருப்பத்திற்கு வரம்பு வேண்டும் என்று கருதிய காபாபிளாங்கா, 1922இல் இலண்டனில் சில விதிகளை முன்வைத்தார். அலெக்கைன், ரூபின்ஸ்டைன், ரேட்டி உள்ளிட்ட முன்னணி ஆட்டக்காரர்கள் அவற்றில் கையொப்பமிட்டனர். பரிசுத் தொகை 10,000 டாலருக்குக் குறையலாகாது. அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பியனுக்கு முதலில் தனியாகச் சேரும். எஞ்சியதில் அறுபது விழுக்காடு வென்றவருக்கு. நாற்பது விழுக்காடு தோற்றவருக்கு.

தோற்றவருக்கும் பங்கு என்பது உண்மையில் பெரிய முன்னேற்றம். வென்றவனே அனைத்தையும் வாரிக்கொள்ளும் பணயம், இருவரின் உழைப்பையும் மதிக்கும் பரிசாக மாறியது. ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள். 10,000 டாலரில் சாம்பியனுக்கு முதலில் 2000. மீதி 8000இல் வென்றவருக்கு 4800, தோற்றவருக்கு 3200. சாம்பியன் தோற்றால் அவர் கையில் 5200. வென்ற புதியவர் கையில் 4800! பட்டம் கைமாறினாலும் பணம் பழையவர் பக்கமே சாயும்.

அதைவிடப் பெரிய இடர், அத்தொகையைத் திரட்டும் சுமை அறைகூவல் விடுப்பவர் தோளில் விழுந்ததுதான். 10,000 டாலர் அக்காலத்தில் ஓர் அமெரிக்கத் தொழிலாளியின் பல ஆண்டு ஊதியம். 1912ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து பெரும் போட்டிகளில் முதலிடம் கண்டவர் போலந்தின் அகிபா ரூபின்ஸ்டைன். லாஸ்கருடன் 1914இல் ஆட ஏற்பாடாகியிருந்த போட்டியை உலகப்போர் விழுங்கிற்று. காபாபிளாங்காவை எதிர்க்க முன்வந்தபோது அவரால் பணம் திரட்ட முடியவில்லை. பிறகு மனநலம் குன்றி, 1961இல் பெல்ஜியத்தில் மறைந்தார். பட்டத்திற்கான போட்டியில் ஒருமுறையேனும் அமரும் வாய்ப்பு அந்த மேதைக்குக் கிட்டவேயில்லை. நிம்சோவிட்ச்சும் அவ்வாறே அறைகூவல் விடுத்து, பணமின்றிப் பின்வாங்கினார்.

மதிலைத் தாண்டியவர் ரஷ்யாவிலிருந்து வெளியேறிய அலெக்சாண்டர் அலெக்கைன். அர்ஜென்டினாவின் சதுரங்க மன்றமும் அரசும் துணை நிற்க, 1927இல் புவனோஸ் அயர்ஸ் நகரில் 34 ஆட்டங்கள் நீண்ட போட்டியில் அவர் 6 வெற்றி, 3 தோல்வி, 25 சமநிலை என்று பட்டத்தைப் பறித்தார். காபாபிளாங்கா மறுபோட்டி கேட்டார். நீர் வகுத்த விதிப்படியே 10,000 டாலர் கொண்டு வாரும் என்பதே அலெக்கைனின் மறுமொழியாயிற்று. 1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. அதன்பின் அத்தொகை எட்டாக்கனியாயிற்று. தாம் கட்டிய மதிலுக்கு வெளியே தாமே நின்ற காபாபிளாங்கா, 1942இல் நியூயார்க்கில் இறக்கும்வரை மறுவாய்ப்புப் பெறவில்லை. பிறருக்கென்று நாம் அளக்கும் அளவையாலேயே நமக்கும் அளக்கப்படும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேறென்ன வேண்டும்?

மதிலில் திறந்த வாயில்

அலெக்கைன் 1946இல் போர்ச்சுக்கலில் சாம்பியனாகவே இறந்தார். பட்டம் உரியவரின்றி நின்றது. அப்போது உலகச் சதுரங்கச் சம்மேளனம் பொறுப்பேற்று, 1948இல் ஹேக் நகரிலும் மாஸ்கோவிலும் ஐவர் போட்டி நடத்தியது. சோவியத் நாட்டின் போட்வினிக் சாம்பியனானார். அதன்பின் சாம்பியனை எதிர்க்கும் உரிமையைப் பணம் தீர்மானிக்கவில்லை. தகுதிப் போட்டிகளே தீர்மானித்தன. ஏழை வீட்டுப் பிள்ளையும் பலகையின்மேல் காட்டும் திறமை ஒன்றாலேயே உச்சிக்குச் செல்லலாம் என்னும் நிலை உருவாயிற்று. பரிசுப் பண வரலாற்றில் மிகப் பெரிய சீர்திருத்தம் இதுவே.

பரிசுத் தொகை மட்டும் சிறியதாகவே இருந்தது. சோவியத் ஆட்டக்காரர்களுக்கு அரசு மாத ஊதியம் தந்தது; ஊதியம் தந்த கை, கடிவாளத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. மேற்குலகின் ஆட்டக்காரர்களோ பெரும்பாலும் வேறு தொழில் பார்த்தே பிழைத்தனர்.

ரெய்க்யாவிக் முதல் மணிலா வரை

இந்நிலையை ஒரு தனிமனிதர் புரட்டினார். 1972இல் ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில் சோவியத் சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கியை எதிர்க்க வேண்டிய அமெரிக்கர் பாபி பிஷர், தொடக்க விழாவுக்கு வரவேயில்லை. அறிவிக்கப்பட்ட பரிசு 1,25,000 டாலர். வென்றவருக்கு எட்டில் ஐந்து பங்கு, தோற்றவருக்கு மூன்று பங்கு. ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்களே வாழ்ந்த சிறு நாடு அதைத் திரட்டியிருந்தது. பார்வையாளர் கட்டணத்திலும் தமக்குப் பங்கு வேண்டும் என்றார் பிஷர். ஆங்கிலேய நிதியாளர் ஜிம் ஸ்லேட்டர் தம் பணத்திலிருந்து 50,000 பவுண்டு சேர்த்துப் பரிசை இரட்டிப்பாக்கினார். பிஷர் வந்தார்; 12½–8½ என்று வென்றார். வென்றவருக்கு 1,56,250 டாலர். தோற்ற ஸ்பாஸ்கிக்கும் 93,750 டாலர். பிஷரின் பிடிவாதத்தால் பயன் பெற்றவர் பிஷர் மட்டுமல்லர். அதன்பின் வந்த ஆட்டக்காரர் அனைவரின் ஊதியமும் உயர்ந்தது.

பணத்தாசை பிடித்தவர் என்று அவரை எடைபோட்டவர்கள் மூன்றே ஆண்டுகளில் திகைத்தனர். 1975இல் கார்போவுடன் அவர் ஆடுவதற்கு பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரம் 50 இலட்சம் டாலர் தர முன்வந்தது. சதுரங்கம் அதுவரை கனவிலும் காணாத தொகை! முதலில் பத்து ஆட்டங்களை வெல்பவரே வெற்றியாளர் என்றும், 9–9 என்னும் நிலை வந்தால் சாம்பியனே பட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் பிஷர் நிபந்தனை விதித்தார். முன்னதை ஏற்ற சம்மேளனம் பின்னதை மறுத்தது. பிஷர் ஆடவில்லை, பட்டம் கார்போவுக்குச் சென்றது. ஒரு விதிக்காக 50 இலட்சத்தை விட்டு விலகிய மனிதரைப் பேராசைக்காரர் என்பதா, செருக்குற்றவர் என்பதா, உள்ளம் நோயுற்றவர் என்பதா? மனித இதயம் அவ்வளவு எளிதில் ஒரு சொல்லுக்குள் அடங்குவதில்லை.

யாருடைய பணம்?

இருபது ஆண்டுகள் மறைந்து வாழ்ந்த பிஷர் 1992இல் மீண்டும் வெளிப்பட்டார். யுகோஸ்லாவியா போரால் சிதைந்துகொண்டிருந்தது. ஐக்கிய நாடுகள் அவை அதன்மீது பொருளாதாரத் தடை விதித்திருந்தது. அந்நாட்டின் ஸ்வேதி ஸ்தெஃபான் தீவிலும் பெல்கிரேடு நகரிலும் ஸ்பாஸ்கியுடன் அவர் மீண்டும் ஆடினார். பரிசு அதே 50 இலட்சம் டாலர். ஆடக்கூடாது என்று அமெரிக்க அரசு அனுப்பிய கடிதத்தின்மீது செய்தியாளர் முன்னிலையில் எச்சில் உமிழ்ந்தார். 10 ஆட்டங்களில் வென்று 33½ இலட்சம் டாலர் பெற்றார்; ஸ்பாஸ்கிக்கு 16½ இலட்சம்.

அப்பணத்தை அள்ளித் தந்தவர் வாசில்யேவிச் என்னும் வங்கியாளர். மிக உயர்ந்த வட்டி தருவதாகச் சொல்லி எளிய மக்களின் சேமிப்பைத் திரட்டிய வங்கி அவருடையது. புதியவர் இட்ட பணத்தை எடுத்துப் பழையவருக்கு வட்டியாகக் கொடுக்கும் ஏற்பாடு எத்தனை நாள் நிற்கும்? 1993இல் வாசில்யேவிச் நாட்டை விட்டு ஓடினார். வங்கி சரிந்தது. போரும் விலைவாசியும் ஏற்கனவே வதைத்த மக்கள் கையிலிருந்த கடைசிச் சேமிப்பையும் இழந்தனர்.

உலகமே கண்ணிமைக்காமல் பார்த்த அந்த ஆட்டத்தின் கட்டணத்தைச் செலுத்தியவர்கள் யார்? ஓய்வூதியத்தை வங்கியில் இட்ட முதியவர்களும் சிறுவாடு சேர்த்த தாய்மார்களும் அல்லரா? ஆட்டக்காரர்கள் இதை அறிந்து செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பரிசு எவ்வளவு என்று கேட்கும் நாம், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தவறுகிறோம். ஸ்டைனிட்ஸின் நண்பர்கள் கட்டிய இரண்டாயிரத்தில் அத்தகைய கண்ணீர் இல்லை.

பிளவும் இணைப்பும்

பணம் பெருகியபோது பிளவும் வந்தது. 1986இல் காஸ்பரோவும் கார்போவும் இலண்டனிலும் லெனின்கிராடிலும் ஆடியபோது, செர்னோபில் அணு உலை விபத்தின் நிவாரணத்திற்குப் பரிசுப் பணம் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 1990இல் அவ்விருவருமே நியூயார்க்கிலும் லியோனிலும் 30 இலட்சம் டாலருக்கு ஆடினர். 1993இல் காஸ்பரோவும் இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட்டும், தங்களைக் கலந்து பேசாமல் சம்மேளனம் போட்டியிடத்தை முடிவு செய்ததாகக் குறைகூறி வெளியேறி, டைம்ஸ் நாளிதழ் அளித்த 17 இலட்சம் பவுண்டுக்கு இலண்டனில் ஆடினர். விளைவு, ஒரே நேரத்தில் இரு சாம்பியன்கள்! பதின்மூன்று ஆண்டுகள் நீடித்த அப்பிளவு, 2006இல் ரஷ்யாவின் எலிஸ்டா நகரில் கிராம்னிக்கும் டோபலோவும் ஆடிய போட்டியில்தான் தீர்ந்தது. அங்கே 10 இலட்சம் டாலர் பரிசை, வென்றாலும் தோற்றாலும் சரிபாதி என்று இருவரும் பகிர்ந்துகொண்டது குறிப்பிடத்தக்கது.

2013இல் நம் சென்னையிலேயே விசுவநாதன் ஆனந்தும் நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனும் ஆடினர். தமிழக அரசு 29 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2024இல் சிங்கப்பூரில் சென்னையின் பதினெட்டு வயது குகேஷ், சீனாவின் டிங் லிரனை வென்று சாம்பியனானபோது கணக்கு முறையே மாறியிருந்தது. வெல்லும் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் 2 இலட்சம் டாலர்; எஞ்சியது இருவருக்கும் சமம். மூன்று ஆட்டங்களில் வென்ற குகேஷுக்கு 13½ இலட்சம். இரண்டில் வென்ற டிங்குக்கு 11½ இலட்சம். வெற்றிக்கும் மதிப்பு, தோற்றவரின் உழைப்புக்கும் மதிப்பு. 1922இன் விதியில் முளைவிட்ட நீதி இங்கே நன்கு வளர்ந்திருக்கிறது. ஆயினும் அது முழுமை பெறவில்லை. 2023இல் உலகச் சாம்பியன் போட்டிக்கு 20 இலட்சம் யூரோ பரிசு. அதே ஆண்டு மகளிர் சாம்பியன் போட்டிக்கு 5 இலட்சம் யூரோ மட்டுமே.

கல்லறைத் தோட்டத்தில்

பிஷரின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1992 போட்டிக்காக அமெரிக்கா அவர்மீது பிடி ஆணை பிறப்பித்தது. நாடு திரும்ப இயலாமல் அலைந்தார். 2004இல் ஜப்பானில் சிறைப்பட்டார். அவரை மறவாத ஐஸ்லாந்து 2005இல் குடியுரிமை தந்து ஏற்றுக்கொண்டது. 2008 ஜனவரி 17 அன்று, சதுரங்கப் பலகையின் கட்டங்கள் எத்தனையோ அத்தனை வயதில், ரெய்க்யாவிக்கில் இறந்தார். செல்ஃபோஸ் ஊரை அடுத்த ஒரு சிற்றாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், ஒரு சிலர் மட்டுமே சூழ்ந்து நிற்க, கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் அடக்கச் சடங்கை நடத்தினார்.

அமைதி அங்கும் நீடிக்கவில்லை. 1992இல் பெற்ற பணத்தில் எஞ்சியிருந்த செல்வத்திற்கு உரிமை கொண்டாடிப் பலர் நீதிமன்றம் ஏறினர். மரபணுச் சோதனைக்காக 2010 ஜூலையில் கல்லறை திறக்கப்பட்டு, மீண்டும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டில்தான் வாரிசு யாரென்று தீர்ப்பாயிற்று.

ஸ்டைனிட்ஸ் பணமின்றி இறந்தார். பிஷர் பணத்தோடு இறந்தார். இருவரும் ஒரே வயதில், அறுபத்துநான்கில் இறந்தனர். முன்னவர் கதை, உழைப்பவருக்கு உரிய ஊதியத்தை மறுக்கும் சமூகம் எவ்வளவு கொடியது என்று சொல்கிறது. பின்னவர் கதை, ஊதியத்தால் மட்டும் ஒரு மனிதனுக்கு அமைதி வந்துவிடாது என்று சொல்கிறது. இவற்றுள் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் பாதி உண்மையே மிஞ்சும்.

இன்று நம் இல்லங்களில் பல பிள்ளைகள் சதுரங்கப் பலகைமுன் அமர்ந்திருக்கிறார்கள். குகேஷ் வென்ற கோடிகளைப் பெற்றோர் கணக்கிடுகிறார்கள். அது தவறன்று. அதனோடு, பட்டத்தின் வாயிலை ஒருமுறையும் மிதிக்க இயலாமற்போன ரூபின்ஸ்டைனின் பெயரையும், சேமிப்பை இழந்த பெல்கிரேடு முதியவர்களையும் அப்பிள்ளைகளுக்கு ஒருநாள் சொல்லிக் கொடுங்கள். ஆட்டத்தின் வரலாறு அப்போதுதான் அவர்களுக்கு முழுமையாகக் கிடைக்கும்.